பொருக்கும் உள்முகமும்

"பொருக்கை ஏன் சார் பின்னிணைப்புக்குத் தள்ளுறீங்க?" என்று கல் எடுக்க எங்களோடு வந்த பெண் கேட்டாள். நான் சொன்ன பதில் சரியானதுதான். இருந்தும் மனசு அதைவிட்டு நகர மாட்டேன் என்கிறது.

கல் கோத்தகிரி சாலை வெட்டில் எடுத்த சார்னோகைட், நீலகிரியின் கடினமான கரும்பாறை. உடைத்தால் உள்ளே கருநீலம், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கம். வெளியே இரண்டு விரற்கடைக்குப் பழுப்புப் பொருக்கு. நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். கல் எந்த அலைநீள ஒளியை விழுங்குகிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைமானியை வைத்தால் இரண்டும் வேறு வேறு கல். உள்முகத்தில் 0.9 மைக்ரான் அலைநீளத்திலும் 1.9-ஐ ஒட்டியும் அகலப் பள்ளங்கள்: பைராக்சீன் என்ற கனிமம். பொருக்கில் 1.4, 1.9, 2.2-இல் கூர்மையான வெட்டுகள்: நீர், கயோலின் களிமண்.

செவ்வாயில் ஓடும் ஊர்தியான ரோவரில் வைக்கும் இதே மாதிரிக் கருவியைச் சரிபார்க்கத்தான் எங்களிடம் மாதிரி கேட்டிருந்தார்கள். அதற்குத் தெரிந்த கல்லைத்தானே கொடுக்க வேண்டும்? உள்முகத்தை அட்டவணையில் ஏற்றினேன், பொருக்கைப் பின்னிணைப்பில் வைத்தேன்.

"செவ்வாயில ரோவர் முதல்ல பார்க்கிறது பொருக்கைத்தானே சார்?"

செவ்வாயில் ஓடிய நாசாவின் ஸ்பிரிட் ரோவரைச் சொன்னேன். முன்சக்கரம் ஒன்று சுழலாமல் போய், அதை இழுத்துக்கொண்டே போன தடத்தில்தான் 2007-இல் வெள்ளை மண் வெளிப்பட்டது. 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. மேல்மண்ணோடு நின்றிருந்தால் என்னம்மா தெரிந்திருக்கும் என்றேன்.

"அது சக்கரம் கெட்டதால சார். நம்ம கையில சுத்தியல் இருக்கு, உடைக்கிறோம்."

ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ரோவரிலும் அரைக்கும் கருவி உண்டு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்பிரிட்டில் இருந்த கருவி அரைத்தது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஆழம்தான். எங்கள் பொருக்கில் அது பாதிகூடப் போகாது. அந்த வாதம் அவள் பக்கமே சாயும்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. மழைக்காலத்தில் பொருக்கு ஈரத்தைக் குடிக்கும். காலையில் ஒரு ஆழம், வெயில் ஏறினால் இன்னொரு ஆழம் என்று 1.9-இல் உள்ள நீரின் பள்ளம் ஆடும். ஆடுகிற எண்ணை எப்படி அளவுகோலாக அனுப்புவது? அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு துண்டை அடுப்பில் உலர்த்திப் பார்த்தேன். 1.9 சுருங்கியது, 2.2 அப்படியே நின்றது. அது மேலே ஒட்டிய ஈரமில்லை, களிமண்ணின் கட்டமைப்பிலேயே உள்ள ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை.

அப்போதுதான் செவ்வாயின் ஜெசீரோ பள்ளம் நினைவுக்கு வந்தது. அங்கே பெர்சிவியரன்ஸ் ரோவர் கண்ட வெளிறிய உதிரிக் கற்களிலும் கயோலின். நெடுங்காலம் மழையில் ஊறி வந்ததா, வெந்நீர் ஓடி வந்ததா என்பது விவாதம். அந்த விவாதத்துக்கு நீலகிரி கொடுக்கக்கூடிய சாட்சி மழை தின்ற பொருக்குதான். கருநீல உள்முகம் அங்கே ஒன்றும் சொல்லாது. ஆனால் எங்களிடம் கேட்டது சாட்சியில்லை, சரிபார்ப்பு. கேட்டதைத்தான் கொடுத்தேன். கேள்வியே குறுகலாக இருந்தால் அதையும் எழுதி அனுப்புவது என் வேலையா இல்லையா என்பதில்தான் தடுமாறுகிறேன்.

இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு முகத்தையும் எடுக்கச் சொல்கிறேன். பொருக்குக்கு ஈரமாக ஒன்று, உலர்த்தி ஒன்று. அட்டவணையின் முதல் வரி மட்டும் இன்னும் உள்முகத்துக்குத்தான். மாற்றச் சொல்லி அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் மாற்றுவேனா என்றால், மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.