குதிரையும் கப்பலேறி வந்த கரை

சென்ற ஆவணி மாதத்தில் பெரியப்பாவும் நானும் இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை காரில் சென்றுவந்தோம். அவர் ரயில்வேயில் நெடுங்காலம் பணிசெய்து ஓய்வுபெற்றவர். மனிதன் முதலில் நடந்தான், பின்பு விலங்கின் முதுகில் ஏறினான், சக்கரத்தைக் கண்டான், ரயிலையும் மோட்டார் வண்டியையும் செய்தான் என்று பள்ளியில் படித்த வரிசை இந்தக் கரையில் பொருந்தவில்லை என்பது அவர் பல நாளாகச் சொல்லிவருவது. அதை இடம் இடமாகப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டோம்.

முதலில் வைகை கடலைச் சேரும் ஆற்றங்கரை என்னும் ஊருக்கும், அதனருகே உள்ள அழகன்குளத்துக்கும் போனோம். இன்று பனைகளும் கருவேலமும் நிற்கும் அந்த மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் உரோமக் காசுகளும், மது கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, மூன்று பாய்மரங்களுடன் கூடிய கப்பல் ஒன்று கீறப்பட்டிருக்கும் பானை ஓடு. அது உரோமப் பெருங்கப்பல்களின் அமைப்பை ஒத்திருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். துறையில் நின்று கண்ணால் கண்டதை யாரோ ஒருவர் கையில் கிடைத்த ஓட்டில் கீறி வைத்திருக்கிறார் என்று எண்ணும்போது, அந்த வெறும் மேட்டை விட்டு எழுந்துவர மனம் வரவில்லை.

நிலத்தில் ஓடும் விலங்காகிய குதிரைகூட இந்நாட்டுக்குக் கடல் வழியாகவே மிகுதியாக வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் படைக்கு வேண்டிய குதிரைகள் ஓர்முசு, ஏடன் முதலிய பாரசீக, அரபுத் துறைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டன. அவ்வாறு வந்த குதிரைகளில் பல, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் விரைவில் மடிந்தன என்றும், ஆண்டுதோறும் புதியவற்றை வாங்க வேண்டியிருந்தது என்றும் மார்கோ போலோ குறித்துவைத்திருக்கிறார். சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்த பெரியபட்டினமும், மரக்கலத்தால் வாழ்ந்த மரைக்காயர்களின் கீழக்கரையும் எங்கள் வழிக்குத் தெற்கே இருந்தன. நேரமின்மையால் அங்கே செல்லவில்லை.

உச்சிப்புளியைத் தாண்டினால் இருபுறமும் கடல் நெருங்கிவருகிறது. தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் இங்குள்ளோர் சொல்வார்கள். தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று வீசும் அம்மாதத்தில் ஆண் கடல் இரைந்துகொண்டிருக்க, பெண் கடல் குளம்போல் கிடந்தது. சேதுயாத்திரை செல்வோர் இவ்வழியே நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்து மண்டபத்தில் தோணிக்காகக் காத்திருந்த காலம் மிக நீண்டது. பாம்பன் கால்வாய்க்கு அப்பால் இராமேசுவரம் தீவிலுள்ள அக்காமடம், தங்கச்சிமடம் என்ற ஊர்ப்பெயர்களில் அந்த யாத்திரிகர் தங்கிய மடங்கள் இன்னும் இருக்கின்றன.

விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் இறங்கியபோது, அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே அதை இழுத்துச் சென்றார்கள். இராமநாதபுர மன்னர் பாஸ்கர சேதுபதியும் அவர்களோடு சேர்ந்து இழுத்தார். குதிரையே வேண்டாத பெட்ரோல் வண்டிக்குச் செருமனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்துப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எந்திரம் இந்தத் தீவுக்குத் தானாகவே ஓடிவர இன்னும் எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைப் பாம்பனில் நின்றுதான் உணர முடிகிறது.

சாலைப் பாலத்தில் காரை நிறுத்தக்கூடாது என்பதால், பாம்பன் பக்கம் இறங்கிக் கரையிலிருந்து பார்த்தோம். 1911இல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று மிகுதியான நீளமுடையது. அதன் நடுவே, ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்த தூக்குப் பகுதி இருந்தது. 2022 வரை அந்தப் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், கப்பல் வரும்போது இரு பக்கமும் ஆட்கள் நின்று நெம்புகோல்களைச் சுற்ற, இரு இரும்புக் கைகளும் மெல்ல மேலெழும். ரயில் காத்திருக்கும், கப்பல் முன்னே போகும். காற்று குறித்த வேகத்தைத் தாண்டினாலும் ரயில் நின்றுதான் ஆக வேண்டும். “நாம என்ன வண்டி ஓட்டினாலும் காத்து பச்சைக்கொடி காட்டணும்ப்பா,” என்றார் பெரியப்பா. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மின்விசையால் செங்குத்தாக உயர்கிறது. ஆயினும் கப்பலுக்கு வழிவிடும் வழக்கம் அப்படியே தொடர்கிறது.

பழைய பாலம் திறந்த ஆண்டிலேயே, சென்னையில் போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரும் வழி உருவாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஃபோர்டு தம் ஆலையில் நகரும் தொடர் உற்பத்தி முறையைக் கொண்டுவந்து, பன்னிரண்டு மணி நேரம் பிடித்த வேலையை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்திருந்தார். உலகெங்கும் கார்கள் பெருகின. இராமேசுவரத்துக்கு மட்டும் அவை ஓடிவரச் சாலையில்லை. ரயில் வந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1988 அக்டோபர் 2 அன்றுதான் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அப்பத்தா கோயிலுக்குச் சென்றதெல்லாம் மண்டபம் வரை பேருந்து, பிறகு ரயில் என்றுதான்.

தனுஷ்கோடி செல்லும் வழியில் பெரியப்பா பேசவில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் கடலுக்கு இரையானது. அதிலிருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. சிதைந்த பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாட்களில் சீரமைத்தார். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவேயில்லை. நான் கல்லூரி நாட்களில் வந்தபோது, பழைய வேன் ஒன்று மணலிலும் தேங்கிய நீரிலும் திணறித் திணறி எங்களைக் கொண்டுசேர்த்தது. சக்கரம் எவ்வளவு இளைய கண்டுபிடிப்பு என்பதை அன்றைக்கு நான் முதுகெலும்பால் அறிந்தேன். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. முனையில் உள்ள தூணைச் சுற்றிக் கார்கள் திரும்பிக்கொண்டிருந்தன; நாங்களும் சுற்றித் திரும்பினோம்.

வரும் வழியில், இடிந்த தேவாலயத்துக்கு அருகே நான்கு பேர் ஒரு வத்தைப் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் பின்புறம் சிறிய எந்திரமும், உள்ளே மடித்துவைத்த பாயும் இருந்தன. மணல் பிடித்துக்கொண்டதால் வத்தை நகரவில்லை. அவர்களில் மூத்தவர், “அண்ணே, ஒரு கை பிடிங்க,” என்று கூப்பிட்டார். பெரியப்பா செருப்பைக் காரில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தார்.