வேர்ச்சொல் பட்டியலில் ஒரு வரி

முதலாமாண்டு செவிலியர் மாணவியரின் ஆங்கில வகுப்பில், ஒரு பெண் கேட்ட முதல் கேள்விக்கு நான் "ஆமாம்" என்றேன். அவளுடைய இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

கரும்பலகையில் 'ஹிஸ்டெரா' என்று எழுதி, கிரேக்க மொழியில் கருப்பை என்று அதற்குப் பொருள் சொல்லியிருந்தேன். வெட்டுதலுக்கு 'டொமே', வெட்டி எடுத்தலுக்கு 'எக்டொமே', வாய்க்கு 'ஸ்டோமா' என்பவற்றை முந்தைய வாரமே பார்த்திருந்ததால், ஹிஸ்டரெக்டமி, ஹிஸ்டராட்டமி என்ற இரண்டு சொற்களையும் என் உதவியில்லாமல் வகுப்பே பிரித்துப் பொருள் சொல்லிவிட்டது. அப்போதுதான் மூன்றாவது பெஞ்சிலிருந்து, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் எழுந்தாள்.

"சார், ஹிஸ்டீரியான்னு சொல்றாங்கள்ல, அதுவும் இதுல இருந்து வந்ததுதானா?"

"ஆமாம்மா. சரியாப் பிடிச்சிட்ட."

எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. நான் கொடுக்காத சொல்லில் நான் கொடுத்த வேரை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். அந்த மகிழ்ச்சியில், பழைய கிரேக்க மருத்துவ நூல்கள் கருப்பை உடலுக்குள் இடம்விட்டு இடம் நகரும் என்று நம்பியதையும், அது மேலே ஏறினால் பெண்ணுக்கு மூச்சு முட்டும், பேச்சு நின்றுபோகும் என்று எழுதிவைத்ததையும் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாளா என்பது எனக்கு நிச்சயமில்லை. நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் வேறு வேறாகத் தெரிகிறது. அவள் உட்காரவில்லை என்பது மட்டும் உறுதியாக நினைவில் இருக்கிறது.

"அப்போ கர்ப்பப்பைய எடுத்துட்டா அது சரியாயிருமா சார்?"

"அதையெல்லாம் உங்க மேம்கிட்டக் கேட்டுக்கம்மா. நமக்கு இங்க வார்த்தை மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு, பலகையைத் துடைத்து 'நெஃப்ரோஸ்' என்று எழுதினேன். சிறுநீரகம்.

வேர்ச்சொல் வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் முறையை நான் விளையாட்டாகக் கைக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகள், முதல் மாதத்திலேயே நூற்றுக்கணக்கான மருத்துவச் சொற்களை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்து, வார்டுக்குப் போஸ்டிங் போன இடத்தில் கேஸ் ஷீட்டைப் படிக்க முடியாமல் கலங்கி நிற்பதைப் பார்த்த பிறகே இதைத் தொடங்கினேன். 'நெஃப்ரைட்டிஸ்' என்பதைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்தவளுக்கு 'ஹெபடைட்டிஸ்' மறுபடியும் ஒரு புதிய சுமைதான். 'ஐடிஸ்' அழற்சி, 'ஹெபார்' கல்லீரல், 'ஆர்த்ரோன்' மூட்டு, 'காஸ்டெர்' வயிறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளோ, இதுவரை பார்த்திராத சொல்லையும் துணிந்து தொடுகிறாள். தமிழில் நமக்கு இது பழகிய வழிதான். அழற்சி என்ற சொல்லுக்குள் அழல், அதாவது நெருப்பு, இருக்கிறது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் அதை மறப்பதில்லை.

ஆண்டுதோறும் முதல் வகுப்பை இஞ்சியில் தொடங்குவேன். ஆங்கில ஜிஞ்சர் லத்தீன் வழியாகக் கிரேக்க 'ஸிங்கிபெரிஸ்' என்பதிலிருந்து வந்தது. அந்தக் கிரேக்கச் சொல்லோ பிராகிருத வடிவம் ஒன்றின் வழியாக நம் இஞ்சிவேரிலிருந்து போனது என்பது சொல்லாய்வாளர் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. வேர் என்ற நம் சொல்லே கிரேக்கச் சொல்லின் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பலகையில் கோடிட்டுக் காட்டும்போது, அதுவரை ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்காகவே அந்த வகுப்பை நான் விரும்புகிறேன்.

வேர்கள் ஏமாற்றும் என்பதும் எனக்குத் தெரியாததன்று. குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் பீடியாட்ரிக்ஸ் என்ற சொல்லைப் பெடிக்யூர் என்பதோடு சேர்த்துக்கொண்டு, 'பாத மருத்துவம்' என்று ஒரு மாணவி தேர்வில் எழுதியிருந்தாள். பாதத்துக்கு உரியது லத்தீன் 'பெஸ்'. குழந்தைக்கு உரியது கிரேக்க 'பாய்ஸ்'. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் இடையில் ஓர் 'ஏ' நின்று இரண்டையும் பிரித்துக் காட்டும். அமெரிக்க எழுத்துமுறையில் அதுவும் கிடையாது. அவளுக்கு அரை மதிப்பெண் கொடுத்தேன். தவறான விடைதான் என்றாலும் அவள் யோசித்திருந்தாள்.

இதைவிட ஆழமான ஏமாற்றம் ஒன்று உண்டு. வேரைச் சரியாகவே கண்டுபிடித்த பிறகும், அந்த வேர் பொருளின் இயல்பைச் சொல்லாமல் பெயர் வைத்தவரின் நம்பிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்கும். அணு என்பதற்கான 'ஆட்டம்' பிளக்க முடியாதது என்று பொருள்படும், பிளந்துவிட்டார்கள். ஆக்சிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்த பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியர் எண்ணினார், ஆனால் நம் வயிற்றில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை. ஆர்ட்டரி என்ற தமனியின் பெயர் மூச்சுக்குழலுக்கும் வழங்கிய கிரேக்கச் சொல். பிணத்தை அறுத்துப் பார்த்தபோது தமனிகள் வெறுமையாகத் தெரிந்ததால் அவற்றில் காற்று ஓடுவதாக நினைத்தார்கள், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலென் அவற்றில் ஓடுவது இரத்தமே என்று காட்ட வேண்டியிருந்தது. தமனி பாடத்தன்று இதை நான் விரிவாகச் சொல்வேன். "பேருல காத்து இருக்கு, குழாயில இரத்தம் இருக்கு. பேரை நம்பி ஊசி போடாதீங்க" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லியிருக்கிறேன்.

அன்று சொல்ல வேண்டியிருந்ததும் அதே எச்சரிக்கைதான். கருப்பை நகர்கிறது என்ற கதையைச் சொல்லத் தெரிந்த எனக்கு, அது பொய் என்று சொல்லத் தோன்றவில்லை. சிரித்த வகுப்புக்கு அது பொய் என்று தெரிந்துதானே இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன் போலும். தமனியைப் பற்றிப் பேச எந்த ஆசிரியருக்கும் கூச்சமில்லை. நாற்பது பெண்கள் இருக்கும் வகுப்பில், ஐம்பதைக் கடந்த ஆண் ஒருவன், ஒரு பெண் எழுந்து நின்று கருப்பையை எடுப்பது பற்றிக் கேட்டபோது, வேகமாகச் சிறுநீரகத்துக்குப் போய்விட்டான். நடந்தது இவ்வளவுதான் என்று சில நாள் தோன்றுகிறது.

வேறு சில நாள், நான் செய்ததே முறை என்று தோன்றுகிறது. நான் மருத்துவனும் அல்லன், செவிலியனும் அல்லன். நோய் பற்றிய கேள்விக்கு ஆங்கில ஆசிரியர் வாய்க்கு வந்ததைச் சொல்வது ஆபத்து. உரியவரிடம் அனுப்புவதே பொறுப்பு. ஆனால் இந்த நியாயத்தை நான் "ஆமாம்" என்று சொல்வதற்கு முன்பல்லவா நினைத்திருக்க வேண்டும்? நோயின் பெயரை விளக்க உரிமை எடுத்துக்கொண்டு, நோயைக் கேட்டவுடன் எனக்கு உரிமையில்லை என்று ஒதுங்கியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒரு மாதம் கழித்து, ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது, செவிலியப் பாடம் நடத்தும் டியூட்டர் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே அந்தப் பெண்ணின் வீட்டைப் பற்றிச் சொன்னார். அவளுடைய அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கருப்பையை எடுத்துவிட்டார்களாம். அதற்கு முன்பும் பின்பும் அவ்வப்போது கை கால் விறைத்து விழுந்துவிடுவாராம். எப்போதோ பார்த்த வைத்தியச் சீட்டு ஒன்றில் 'ஹிஸ்டீரியா' என்று எழுதியிருந்ததாம். அறுவை சிகிச்சை எதற்காக நடந்தது என்று டியூட்டருக்குத் தெரியவில்லை. கட்டியாக இருக்கலாம், அடங்காத உதிரப்போக்காக இருக்கலாம். நம் பக்கத்துப் பெண்களுக்குக் கருப்பையை எடுப்பதற்கு இப்படிக் காரணங்கள் பல. விறைத்து விழுவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் அவள் கையில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று சீட்டில் இருந்தது, மற்றொன்று ஆஸ்பத்திரியில் கேட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று அவளிடம் உறுதி சொன்னவன் நான். அம்மாவுக்கு நடந்த அறுவை சிகிச்சை இந்த நோய்க்காகத்தான், அப்படியும் நோய் போகவில்லை என்று அவள் முடிவுகட்டியிருந்தால்? அல்லது முன்பே அப்படி எண்ணியிருந்து, யாராவது இல்லை என்று சொல்லமாட்டார்களா என்றுதான் கேட்டாளா? டியூட்டரிடம் அவள் பிறகு கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம், எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் தேடிப் படித்தேன். அவளுடைய கேள்வி அறியாமையில் எழுந்ததன்று. 1872இல் ராபர்ட் பேட்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முறையில், ஹிஸ்டீரியா என்று சொல்லப்பட்ட பெண்களின் நோயற்ற சினைப்பைகளை அகற்றினார்கள். அவள் கேட்டது கருப்பையைத்தான் என்றாலும், அதே எண்ணத்தை அவர்கள் செய்தே பார்த்திருக்கிறார்கள். கருப்பை விலங்கைப் போல அலைவதில்லை என்று எபேசஸ் நகரத்துக் கிரேக்க மருத்துவர் சொரேனஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, கருப்பையே இல்லாத ஆண்களுக்கும் அதே நோய்க்குறிகள் வருவதைக் காட்டினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ஹிஸ்டீரியா என்ற நோய்ப்பெயரையே கைவிட்டது. இத்தனையும் அன்றே தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முடியவில்லை. "இல்லை" என்று சொல்ல இதில் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த ஆண்டுப் பட்டியலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். 'ஹிஸ்டெரா' இருந்தது, அதன் கீழ் இரண்டு அறுவை சிகிச்சைப் பெயர்கள் இருந்தன, ஹிஸ்டீரியா இல்லை. புண்படுத்தக் கூடாது என்ற அக்கறையில் எடுத்ததாக நினைத்தேன். அந்தச் சொல் இன்றும் பேச்சில் இருக்கிறது, பழைய சீட்டுகளில் இருக்கிறது, படங்களில் இருக்கிறது. பட்டியலில் இல்லாததால் அடுத்து வந்த மாணவியருக்கு அதைப் பற்றிக் கேட்கும் வாய்ப்புக்கூட இல்லாமல் போனது.

போன வாரம் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். படிப்பை முடித்து மதுரையிலேயே ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். "சார், நீங்க சொல்லிக் குடுத்தத வச்சுத்தான் இன்னைக்கும் கேஸ் ஷீட் வாசிக்கிறேன்" என்றாள். வெளிநாட்டுச் செவிலியர் வேலைக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறாளாம். அந்த வேர்ச்சொல் பட்டியல் முழுவதையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அவளுடைய பேருந்து கிளம்பக் கால்மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நைட் டியூட்டி பற்றிப் பேசினோம், சம்பளம் பற்றிப் பேசினோம். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இருக்காங்க சார்" என்றாள்.

பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறேன். 'ஹிஸ்டெரா' வரிக்குக் கீழே அந்தச் சொல்லை மறுபடியும் சேர்த்தாயிற்று. பக்கத்தில் முதலில் சொரேனஸையும் ஷார்கோவையும் எழுதி நான்கு வரி ஆக்கினேன், அழித்துவிட்டேன். "வேர் கருப்பைதான், நோய் அங்கே இல்லை, எடுத்தால் சரியாகாது" என்று இப்போது இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிறவளுக்கு இந்த வரி எதற்கு என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அவளே மறந்துபோன கேள்விக்கு நான்கு ஆண்டு கழித்துப் பதில் எழுதுகிறேனோ என்றும் தோன்றுகிறது. இன்னும் அனுப்பவில்லை.