நோவில்லாத எலி

என் இடது தொடையில் இன்னும் இரண்டு ஷெல் துண்டுகள் இருக்கின்றன. 2009இல் வந்தவை. நரம்போடு ஒட்டிக் கிடப்பதால் எடுக்க வேண்டாம் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். பகலில் வகுப்பில் நிற்கும்போது மறந்துபோகும். இரவு படுத்தால்தான் கால் தணலில் வைத்ததுபோல் எரியும். அதற்காக பிரிகபலின் என்ற நரம்பு நோ மருந்து போடுகிறேன், 75 மில்லிகிராம் கப்சூல், இரவில் ஒன்று. அது வந்த பிறகுதான் விடியும்வரை நித்திரை என்பது எனக்குத் திரும்பக் கிடைத்தது.

போன சிறுபோக வெட்டு நேரம் கப்சூல் அட்டையில் கணக்குக் குறைந்தது. நான்தான் மாறிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் முழு அட்டையையே காணவில்லை. எடுத்தது என் பெறாமகன். அக்காவின் கடைசிப் பெடியன், பத்தொன்பது வயது. விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே வாய்க்கால் மதகு ஒன்று இருக்கிறது. பின்னேரங்களில் நாலைந்து பெடியன்கள் அங்கே கூடுவார்கள். டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமலே ஒரு கடையில் கப்சூல் வாங்கி, ஒரே தரத்தில் நாலைந்தை விழுங்குவார்களாம்.

“சித்தி, நீங்களும் அதைத்தானே போடுறீங்கள்?” என்று கேட்டான். பத்தாம் பதினோராம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பதிலைத் தேடித்தான் ஆய்வுகூட எலிகளிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் வயலில் எலி என்றால் கதிரை அறுத்துப் போடுகிற எதிரி. அப்பா பொறி வைத்துப் பிடிப்பார், நான் இரக்கப்பட்டதில்லை. இப்போது இரக்கப்படுகிறேன்.

1962இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் ஜேம்ஸ் வீக்ஸ் என்பவர் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். எலியின் நாளத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, மற்ற முனையை முதுகுப் பக்கமாக வெளியே எடுத்துப் பம்பியோடு இணைப்பது. கூண்டுக்குள் ஒரு லீவர். எலி அதை அழுத்தினால் பம்பி ஓடும், மருந்து நேரே இரத்தத்துக்குப் போகும். அவருடைய எலிகள் ஏற்கெனவே மோர்பினுக்குப் பழக்கப்பட்டவை. பிறகு வந்தவர்கள் கண்டதுதான் எனக்கு முக்கியம்: பழக்கமே இல்லாத, உடம்பில் எந்த நோவும் இல்லாத விலங்கும் அந்த லீவரை அழுத்துகிறது.

என் பெறாமகனுக்கான பதிலில் பாதி இதற்குள் இருந்தது. சோதிக்கிறவர்கள் பொதுவாக நோவுள்ள எலியிடம் கேட்பதில்லை. நோவுள்ளது மருந்தைத் தேடினால் அது சுகத்தைத் தேடுகிறது என்று விட்டுவிடலாம். ஒரு குறையும் இல்லாத எலி, வெறும் உப்புத் தண்ணீர் வருகிற லீவரை விட்டுவிட்டு மருந்து வருகிறதையே திரும்பத் திரும்ப அழுத்தினால், அந்த மருந்துக்குத் தன்பாட்டில் இழுக்கிற குணம் இருக்கிறது என்று அர்த்தம். நானும் அவனும் விழுங்கியது ஒரே கப்சூல்தான். ஆனால் என் உடம்பு கேட்டது வேறு, அவன் உடம்பு கேட்டது வேறு.

எவ்வளவு இழுக்கிறது என்றும் அளக்கிறார்கள். முதல் தடவை ஒரு அழுத்துக்கே மருந்து வரும். அடுத்ததற்கு இரண்டு, பிறகு நாலு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த இடத்தில் எலி கைவிடுகிறதோ அதுதான் அந்த மருந்து இழுக்கிற இழுவைக்கு அளவு. இதை வாசித்தபோது, அட்டை ஒன்றுக்காக மழைக்குள் சைக்கிளில் பரந்தன்வரை போய் வந்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு சோதனையில் லீவரே இல்லை. இரண்டு அறைகள், சுவரும் தரையும் வேறு வேறு. ஒரு அறையில் வைத்து மருந்து கொடுப்பார்கள், மற்றதில் உப்புத் தண்ணீர். சில நாள் கழித்து மருந்தே கொடுக்காமல் நடுக்கதவைத் திறந்துவிடுவார்கள். இழுக்கிற மருந்தென்றால் எலி அது கிடைத்த அறையிலேயே போய்க் கிடக்கும். மதகடி எனக்கு அப்போதுதான் விளங்கியது. கையில் குளிசை இல்லாத நாளிலும் அவன் ஏன் அங்கே போய்க் குந்தியிருந்தான் என்றும் விளங்கியது.

பிரிகபலினை மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். போதைக்காக மருந்து பாவித்துப் பழகிய பதினைந்து பேருக்கு ஒரே தடவையில் 450 மில்லிகிராம் கொடுத்தபோது, பதற்றத்தைத் தணிக்கிற டயசிபாம் என்ற மருந்தின் 30 மில்லிகிராமுக்கு நிகராக அவர்களுக்கு அது பிடித்திருந்தது. அமெரிக்காவில் 2005இலேயே அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள், பிரித்தானியாவில் 2019இல். எலியும் குரங்கும் கழுத்தில் குழாயோடு வாழ்ந்து இந்தச் சோதனை முறைகளை நமக்குத் தந்திருக்கின்றன. உடம்புக்குள் அந்நியப் பொருளோடு வாழ்வது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனாலும் புது மருந்தை முதலில் பிள்ளைகளிடம் சோதிக்க முடியாது, ஆகவே இது வேண்டும் என்றுதான் சொல்வேன். அத்தனை வேதனைப்பட்டுக் கிடைத்த தகவலை வைத்துக்கொண்டு, துண்டு கேட்காமல் அட்டை அட்டையாக விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பதிலின் மற்றப் பாதியைத் தந்தது 2018இல் பால்டிமோரில் மார்கோ வெனிரோவும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு. எலிக்கு இரண்டு லீவர்கள். ஒன்று மருந்து தரும், மற்றது கதவைத் திறந்து இன்னொரு எலியைச் சந்திக்க விடும். ஹெரோயினுக்கும் ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் போதைப்பொருளுக்கும் பழகிய எலிகள்கூடத் துணையைத்தான் தெரிந்தெடுத்தன. ஆனால் கதவு திறக்கப் பிந்தினாலோ, திறக்கும்போது காலில் மின்சாரம் அடித்தாலோ, திரும்ப மருந்துக்கே போய்விட்டன.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. விசயம் தெரிந்த நாள் அத்தான் அவனை அடித்தார். அக்கா சோறு போடும்போதெல்லாம் குத்திக் கதைத்தாள். நான் இரண்டு கிழமை கேற்றைப் பூட்டி வைத்திருந்தேன்.

இப்போது அவன் கிளினிக்குக்குப் போகிறான். திடீரென்று நிறுத்தினால் வியர்வையும் நித்திரையின்மையும் வரும் என்பதால் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்துகிறார்கள். பின்னேரம் என் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட வருகிறான். மதகுப் பாதையை விட்டுவிட்டு, கோயிலடியால் சுற்றி வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கிலோமீற்றர் கூட, ஆனால் வருகிறான். ஐந்து மணிக்கே கேற்றைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணியையும் ஊற்றி வைத்துவிடுவேன். வந்து நின்று கூப்பிட வேண்டிய நிலை அவனுக்கு வரக்கூடாது.