அப்பாவின் .32 என் கைக்கு வந்த பிறகு

அப்பாவுக்கு 70 வயது முடிந்ததும் தன் .32 ரிவால்வரை (இந்த எண் தோட்டா அளவைக் குறிப்பது) என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்றார். ராணுவத்தில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு வேலூர் பக்கம் திரும்பாமல் டெல்லி மயூர் விஹாரிலேயே தங்கிவிட்டோம். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயதானால் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. ஆனால் காகிதங்கள் நகர்ந்து முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் காத்திருப்பில் இரண்டு வேலை செய்தேன்: விதிப்படி தேவையான பாதுகாப்புப் பயிற்சியை முடித்தேன், காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டல் பழக ஆரம்பித்தேன்.

.177 ஏர் பிஸ்டலுக்கு, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால், லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் தூரம், ஒரே கை, 60 குண்டு. நடுவில் இருக்கும் பத்து வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. முதல் முறை 60 குண்டு முழுதாகச் சுட்டபோது 600-க்கு 431 வந்தது. ஐந்து மாதத்தில் 512. கை ஆடுவதை யாராலும் நிறுத்த முடியாது, ஆடும்போதே ட்ரிகரை மெதுவாக அழுத்தப் பழகு என்று கோச் சொன்னதைப் புரிந்துகொள்ளவே மூன்று மாதம் போனது.

சரி, ரிவால்வருக்கு வருகிறேன். அப்பாவுடையது கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. பழைய பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வர் பாணி, ஆறு தோட்டா. ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி) பக்கத்தில் இருக்கும் பிடியைக் கட்டைவிரலால் தள்ளினால் பேரல், அதாவது குழல், முன்பக்கமாக மடியும், காலி உறைகள் ஆறும் ஒரே நேரத்தில் மேலே எழும்பும். 'புதுசா ஒன்று வாங்கிக்கலாமே' என்று தோழி கேட்டாள். 2014-இல் பெண்களுக்காக என்று கான்பூரிலிருந்தே வந்த நிர்பீக் ரிவால்வர் அரை கிலோதான், கைப்பையில் அடங்கும். ஆனால் எடை குறையக் குறைய அதே தோட்டா கையை அதிகமாக உதைக்கும். பழகுகிறவருக்குக் கனமான துப்பாக்கியே நல்லது என்பது என் முடிவு. வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் வேறு வேறு. எண் ஒன்றாக இருப்பதால் மாற்றிப் போட்டுப் பார்க்கவே கூடாது.

.32 ரிவால்வர் தோட்டாவைச் சின்னது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் பலர் சுடுவது இந்த வகைதான். அந்தப் போட்டியில்தான் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்தார்.

முதல் நாள் ரேஞ்சில், ஏர் பிஸ்டல் பழகிய தைரியத்தில் நின்றேன். 10 மீட்டரில் ஆறு சுட்டேன். இரண்டுதான் குறி அட்டையின் நடுக் கறுப்பில் விழுந்தன, மற்ற நான்கும் இடது கீழ் மூலையில். குறி பார்ப்பதில் தவறு என்று நினைத்து மேலே தூக்கிச் சுட்டேன். இன்னும் மோசம்.

கோச் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, நான்கு நிஜத் தோட்டாவும் வெடிக்காத டம்மி இரண்டும் கலந்து போட்டு மூடிக் கொடுத்தார். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதலாவது வெடித்தது. இரண்டாவதும். மூன்றாவதில் 'டிக்' என்று மட்டும் சத்தம். வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை, கும்பிடு போடுவதுபோல இரண்டு விரல்கடை கீழே குனிந்தது. வரப்போகும் உதைக்குப் பயந்து என் கை முன்கூட்டியே குனிகிறது! என் கண் முன்னால் நடந்ததால் மறுக்க முடியவில்லை. அன்று மீதி நேரம் முழுக்க இதையே செய்தோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "கையை விடும்மா, விரலைப் பழக்கு" என்று ஐம்பது பைசா நாணயம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஆறு டம்மி போட்டு, பேரலின் தட்டையான மேல்பக்கத்தில் நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை இழுக்க வேண்டும். ஹேமரைக் கையால் இழுத்து வைத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷனில் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. டபுள் ஆக்‌ஷன் வேறு கதை. விரல் இழுக்கும் ஒரே இழுப்பில் சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் உருளை) சுழல வேண்டும், ஹேமர் பின்னால் போய் விழவும் வேண்டும். பெட்டி எடை போடும் ஸ்பிரிங் தராசை மாட்டிப் பார்த்தேன், ஆறு கிலோவுக்கு அருகில் காட்டியது. ஏர் பிஸ்டல் ட்ரிகருக்குப் போட்டியில் 500 கிராம் போதும்! தினமும் இரவு இருபது இழுப்பு. தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, சிலிண்டரை இரண்டு முறை எண்ணிப் பார்த்த பிறகுதான். ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போய் நாணயம் ஓயாமல் விழுந்தது. பிப்ரவரி கடைசியில் இருபதுக்குப் பதினேழு முறை நின்றது.

பிடிப்பிலும் ஒரு தவறு செய்தேன். இடது கட்டைவிரலை சிலிண்டருக்குப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தேன். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு, சுடும்போது சூடான வாயு அதன் வழியாகப் பக்கவாட்டில் பீறிடும். விரல் தப்பியது, கையுறையில் கரிக்கோடு விழுந்தது. இப்போது இரண்டு கட்டைவிரலும் பின்னால், ஒன்றன்மேல் ஒன்று.

மார்ச்சில் ஒரு பழைய தோட்டா வெடிக்கவில்லை. ரிவால்வரில் மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும், தற்காப்புக்கு இதன் பெரிய பலமே இதுதான். ஆனால் ரேஞ்சில் அப்படிச் செய்யக் கூடாது. வெடிக்காதது தாமதமாக வெடித்தால் அது பேரலுக்கு நேராக இருக்காது. முனையைக் குறிப் பக்கமே வைத்து முப்பது நொடி எண்ணினேன். பிறகுதான் திறந்தேன்.

தற்காப்பைப் பற்றி அப்பாவும் நானும் நிறையப் பேசியிருக்கிறோம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளை இருவரும் உட்கார்ந்து படித்தோம். தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அழைத்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் முடிவு செய்தது இது: இரவில் சத்தம் கேட்டால் முதலில் அப்பா இருக்கும் அறைக்குப் போவேன், கதவைத் தாழிடுவேன், 112-ஐ அழைப்பேன். இரும்புப் பெட்டியின் பூட்டு அதற்குப் பிறகுதான் திறக்கும். இருட்டில் கூடத்துக்குப் போய்த் தேடுவது கிடையாது. வருவது பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாம் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார்.

போன ஞாயிறு 7 மீட்டரில் டபுள் ஆக்‌ஷன் மட்டும் சுட்டேன். ஐந்து துளை ஒரு டீ சாஸருக்குள் அடங்கின, ஆறாவது பழையபடி இடது கீழே. அட்டையை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஆறாவதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "கடைசின்னு தெரிஞ்சதும் அவசரப்பட்டுட்டே" என்றார். உண்மைதான். அடுத்த வாரம் கோச்சிடம் ஐந்து மட்டும் போட்டு, காலி அறை எங்கே என்று காட்டாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.