உல்ஃப் கொம்பின் சாயலில் ஒரு மாட்டுக் கொம்பு

இங்கிலாந்தின் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் பாதுகாக்கப்படும் உல்ஃப் கொம்பு, 11ஆம் நூற்றாண்டில் யானைத் தந்தத்தில் செதுக்கப்பட்ட ஊதுகொம்பு. அதைச் செதுக்கியவர்கள் தென் இத்தாலியக் கைவினைஞர்கள் என்பது பொதுவான கருத்து. உல்ஃப் என்ற பிரபு தம் நிலங்களைப் பேராலயத்துக்கு வழங்கியபோது, அக்கொடைக்கு அடையாளமாக இதைக் கொடுத்தார் என்பது மரபு. நிலக்கொடைக்குச் சாசனத்தைப் போலவே கொம்பும் சான்றாக நின்ற காலம் அது.

இவ்வகைத் தந்தக் கொம்புகள் பலவற்றில் வாய் முதல் நுனி வரை வட்டச் சட்டங்களும் அவற்றுள் விலங்குகளும் இடைவெளியின்றி நிறைந்திருக்கும். உல்ஃப் கொம்பிலோ, கிரிஃபினும் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) ஒற்றைக் கொம்புக் குதிரையும் மானைத் தின்னும் சிங்கமும் கழுத்துப்பட்டை அணிந்த நாய்களும் அகன்ற வாயை ஒட்டிய பட்டையில் அடங்கிவிட, உடலின் பெரும்பகுதி வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. இந்த அடக்கம்தான், நான் செதுக்கும் ஊதுகொம்புக்கு அதையே மாதிரியாகக் கொள்ள என்னைத் தூண்டியது.

தந்தத்தை நினைத்தும் பார்க்க இயலாது. அதன் மீதான பன்னாட்டு வணிகத் தடை 1989இல் முடிவு செய்யப்பட்டது. அச்சில் வார்க்கும் ரெசின் நகல்கள் தோற்றத்தில் மூலத்தை நெருங்கும் என்றாலும், உளியைப் பிடிக்க விரும்புபவனுக்கு அவற்றில் வேலை இல்லை. எனவே வெளிர் நிற மாட்டுக் கொம்பைத் தேர்ந்தேன். எருமைக் கொம்பு தட்டையாகவும் மூலைகளுடனும் இருப்பதால் வட்டமான வாய் அதில் எளிதில் அமையாது.

கொம்பின் உள்ளே இருக்கும் எலும்பு ஊறவைத்து அகற்றப்பட்டிருந்ததால், முதல் வேலை துளையிடுவதாக அமைந்தது. நுனி கெட்டி, அடி குழிவு. இரண்டுக்கும் இடையே வளைவு. விறைப்பான கம்பியை உட்புறம் செலுத்தி, குழிவு முடியும் இடத்தை வெளியே பென்சிலால் குறித்துக்கொண்டு, அக்குறிக்குச் சற்று அப்பால் நுனியை ரம்பத்தால் அறுத்தபின், எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய துளையை இட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் அதை அகலப்படுத்தினேன். முடி கருகும் நாற்றத்தைத் தவிர்க்க முடியாது, ஏனெனில் கொம்பும் முடியும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதம்தான். அரத்தால் தேய்க்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகக்கவசம் இன்றி இதில் இறங்கவே கூடாது.

ஒலியைப் பற்றிப் பலரும் பொருளின்மீது பழியைச் சுமத்துகிறார்கள். தந்தம் என்றால் கம்பீரம், மாட்டுக் கொம்பு என்றால் கரகரப்பு என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சுரத்தைத் தீர்மானிப்பது முதன்மையாக உள்ளிருக்கும் காற்றுக் குழலின் நீளமும் விரியும் விதமுமே. சுவரின் பொருள் மிகக் குறைவாகவே பங்களிக்கிறது. இக்கொம்பில் ஓர் அடிச்சுரமும், உதடுகளை இறுக்கினால் அதற்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே ஒன்றும் எழுகின்றன. வேட்டைக்கும் காவலுக்கும் அவ்வளவே போதும்.

செதுக்கல்தான் நேரத்தை விழுங்குகிறது. மாட்டுக் கொம்பின் சுவர் அகன்ற வாயருகே மெலிந்தும் நுனியருகே தடித்தும் இருப்பதால், உல்ஃப் கொம்பில் பட்டை உள்ள அதே இடத்தில்தான் எனக்கு ஆழம் கிடைப்பதில்லை. சிங்கத்தின் தசையை உருட்டித் திரட்ட இயலாது. பின்புலத்தை ஒரு மில்லிமீட்டரளவு சுரண்டித் தாழ்த்தி, உருவத்தின் விளிம்பை மட்டுமே உயர்த்தி நிறுத்துகிறேன். இழைகள் நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே உளியைச் செலுத்தினால் அடுக்கு பெயர்ந்துவிடும். ஆகவே குறுக்குக் கோடுகளை முதலில் கூரிய கத்தியால் வெட்டிவிட்டே பின்புலத்தைத் தொடுகிறேன். கிரிஃபினும் நாய்களும் முடிந்துவிட்டன. நாய்களின் கழுத்துப்பட்டையே இதுவரை எனக்கு மிகவும் திருப்தி தந்த பகுதி.

மூலத்தில் காணப்படும் வெள்ளிப் பூண்களைச் சேர்ப்பதா என்று நெடுநாள் எண்ணினேன். அவை செதுக்கலின் காலத்தவை அல்ல. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது கைமாறிய கொம்பைப் ஃபேர்ஃபாக்ஸ் குடும்பத்தார் திருப்பித் தந்தபின், 1675இல் அணிவிக்கப்பட்டவை. நான் பின்பற்றுவது 11ஆம் நூற்றாண்டை. ஆதலால் பூண் வேண்டாம் என முடிவு செய்தேன். உல்ஃப் இதில் திராட்சை மதுவை நிரப்பிக் குடித்ததாகவும் கதை உண்டு. ஊதுதுளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டுதான் குடித்திருப்பாரோ என்னவோ!

அடுத்து, ஊதுமுனையின் குழிவை இன்னும் சற்று ஆழப்படுத்தி, உதட்டை அறுக்கும் விளிம்பை உப்புத்தாளால் மழுக்க வேண்டும். சிங்கத்தையும் மானையும் அதன்பிறகே தொடங்குவேன்.