இரண்டு வருடம், 500 மணி நேரம்: ஜெர்மனியில் யோகா ஆசிரியர் ஆவது

ஜெர்மனியில் கணவர் அல்லது மனைவியின் வேலையை ஒட்டி வருகிறவர்களுக்குக் கிடைக்கும் குடியிருப்பு அட்டையில், சம்பாதிக்கும் வேலை செய்ய அனுமதி உண்டு என்று ஒரு வரி இருக்கும். அலுவலக வேலைக்கும் போகலாம், சொந்தமாகத் தொழிலும் தொடங்கலாம். நான் இருக்கும் எர்லாங்கனில் சீமென்ஸ் போன்ற நிறுவனங்களுக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் கணிசம். எம்.எஸ்ஸி., எம்.பி.ஏ. படித்துவிட்டு, அந்த அட்டையைக் கைப்பையில் வைத்தபடி வருடக்கணக்கில் வீட்டில் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்தவள்தான். இப்போது இங்கே யோகா சொல்லிக்கொடுக்கிறேன் என்று தெரிந்ததும் அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, ஊருக்குப் போறப்ப ஒரு மாசம் எங்கேயாவது தங்கி சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துட்டா இங்க வகுப்பு எடுக்கலாமா?"

எடுக்கலாம். சட்டம் தடுக்காது. யோகா ஆசிரியர் என்பது ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு பெற்ற பட்டம் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு மாதத்தில் வாங்கும், உலகம் முழுக்கப் புழங்கும் 200 மணி நேரச் சான்றிதழைக் காட்டினால் ஜிம்மிலோ ஸ்டுடியோவிலோ ஏதாவது ஒரு வகுப்பு கிடைக்கும். ஆனால் அது போதும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று பிழைப்பு சம்பந்தப்பட்டது, இன்னொன்று அதைவிடப் பெரியது.

முதலில் பிழைப்பு. இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் பொது மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்கள். நோய் வருமுன் காக்கும் பயிற்சிகளுக்கு அந்தக் காப்பீடு பணம் தர வேண்டும் என்பது சட்டம். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்த ஹட யோகா, மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சிகளின் வரிசையில் வருகிறது. வாரம் ஒரு வகுப்பு வீதம் 8 முதல் 12 வாரம், ஒரு குழுவில் அதிகபட்சம் 15 பேர். 80 விழுக்காடு வகுப்புகளுக்கு வந்துவிட்டால் கட்டணத்தில் பெரும்பகுதி மாணவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் எல்லா வகுப்புக்கும் கிடைக்காது. காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பரிசீலனை மையம் 2014 முதல் இருக்கிறது. அது வகுப்பையும் ஆசிரியரையும் அங்கீகரித்திருக்க வேண்டும். பயிற்சியில் உடற்கூறியல் எத்தனை மணி, கற்பிக்கும் முறை எத்தனை மணி என்று பாடவாரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு மாதச் சான்றிதழ் அங்கே நிற்காது. மாணவர்கள் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வியே "காப்பீட்டில் திரும்பக் கிடைக்குமா?" என்பதுதான். இல்லை என்று சொன்னால் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

நான் சேர்ந்தது பக்கத்து நகரமான நூரன்பெர்க்கில் ஒரு சிறிய பள்ளி. பெரும்பாலும் மாதத்தில் ஒரு வார இறுதி, வருடத்துக்கு ஒருமுறை வெளியூரில் தங்கிப் படிக்கும் வாரம், இப்படி இரண்டு வருடத்தில் 500 மணி நேரம். சனிக்கிழமை காலை எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலில் ஏறினால் முதல் வகுப்புக்குச் சரியாகப் போய்விடலாம். கட்டணம் சில ஆயிரம் யூரோ, தவணையாகக் கட்டினோம்.

முதல் நாளே எங்கள் முதன்மை ஆசிரியை, தான் இளவயதில் சென்னைக்கு வந்து படித்ததைச் சொன்னார். மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சார்யா 1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1989-இல் மறையும் வரை அங்கேதான் இருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து எத்தனையோ பேர் அவரிடம் வந்து, ஓர் ஆசிரியர் ஒரு மாணவர் என்ற முறையில் கற்றுப் போனார்கள். ஆசனத்துக்காக ஆளை வளைக்காதே, ஆளுக்காக ஆசனத்தை மாற்று என்பதுதான் அந்தப் பள்ளியின் உயிர். நான் திருச்சியில் வளர்ந்தவள். அம்மாவோடு அறிவுத் திருக்கோயிலுக்குப் போய் மனவளக்கலைப் பயிற்சி செய்திருக்கிறேன். ஆனால் நம் சென்னையில் இருந்து கிளம்பிய இந்த வழியைப் பற்றி ஒரு ஜெர்மன் அம்மையார் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அவர்மேல் எனக்கு அன்றே மரியாதை வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. 500 மணி நேரத்தில் கணிசமான பகுதி, முன்னால் உட்கார்ந்திருப்பவரின் உடம்பைப் பார்க்கப் பழகுவதிலேயே போனது. கூடத்தின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு நிற்கும். ஒருநாள் ஆசிரியை அதன் தொடை எலும்பை இடுப்புக் குழியிலிருந்து கழற்றி எங்கள் கையில் கொடுத்து, மறுபடி மாட்டித் திருப்பிப் பார்க்கச் சொன்னார். ஓர் அளவுக்கு மேல் எலும்பில் எலும்பு இடித்து நின்றுவிட்டது. அந்தக் குழியின் ஆழமும் திசையும் ஆளுக்கு ஆள் மாறும். பத்மாசனத்தில் இடுப்பு திரும்பாத மிச்சத்தை முழங்கால்தான் தாங்க வேண்டியிருக்கிறது. சவ்வு கிழிவது அப்படித்தான். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க, வந்துடும்" என்று ஊரில் எத்தனையோ பேரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிலருக்கு ஆயுசுக்கும் வராது. அது அவர்களுடைய சோம்பேறித்தனம் இல்லை, எலும்பின் அமைப்பு. இது தெரியாதவர் பதினைந்து பேர் முன்னால் நிற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறர் நடத்தும் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் பயிற்சியில் சேர்த்தி. அப்படிப் போன ஒரு வகுப்பில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். இடுப்பு மாற்று அறுவை முடிந்து வெகுநாளாகியிருந்தது, மருத்துவரும் சரி என்று சொல்லியிருந்தார். தொடக்கத்தில் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் தூக்கம், முதுகுவலி என்றார்கள். அவர் சொன்னது: "என் காலுறையை நானே போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது என் மனைவி போட்டுவிடுகிறாள்." ஆசிரியை அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டார். மற்றவர்கள் தரையில் செய்ததையெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தே செய்தார். மூச்சை வெளியே விடும்போது முன்னால் சாய்வது, ஒரு காலை ஒரு சிறு முக்காலியில் தூக்கி வைப்பது, அந்தக் காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திறப்பது, அவ்வளவுதான். வாராவாரம் அந்த முக்காலியின் உயரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தார் ஆசிரியை. தொடரின் கடைசியில் அவர் தன் வலதுகால் காலுறையைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். தேசிகாச்சார் வழி என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் அந்த முக்காலியில் இருந்தது.

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு முடித்துவிட்டுத்தான் சேர்ந்தேன், ஆனால் கடைப்பேச்சு ஜெர்மனும் வகுப்பு நடத்தும் ஜெர்மனும் ஒன்றில்லை. கண்ணை மூடிப் படுத்திருப்பவருக்கு உங்கள் குரல் மட்டும்தான் வழி. தோள்பட்டை எலும்பு, வால் எலும்பு, மார்பெலும்பு எல்லாம் தடுமாறாமல் வர வேண்டும், அதுவும் மூச்சின் வேகத்துக்குள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவரைப் பாயில் படுக்கவைத்து ஜெர்மனிலேயே வகுப்பு எடுப்பேன். புரியாத இடத்தில் அவர் கை தூக்குவார். நாற்பத்தைந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு, காலையில் ஏழு மணிக்கு வேலைக்கு ஓடிய மனிதர் அவர். அந்த ஒத்தாசை இல்லாமல் நான் இதை முடித்திருக்க மாட்டேன்.

அப்புறம், ஒவ்வொரு மாதிரி வகுப்புக்குப் பிறகும் வட்டமாக உட்கார்ந்து கருத்துச் சொல்லும் நேரம். எது நன்றாக இருந்தது, எது புரியவில்லை என்று நடத்தியவரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் அறுபது வயது ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். அம்மா வயதுக்காரரிடம் குறை சொல்ல எனக்கு வாயே வரவில்லை. "நன்றாக இருந்தது" என்று முடித்துக்கொள்வேன். ஒருநாள் அவரே இடைவேளையில் என்னிடம் வந்து, "நீ சொல்லாவிட்டால் நான் எப்படித் திருத்திக்கொள்வது? இங்கே நீ எனக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான்" என்றார். அன்றைக்குப் பிறகு சொன்னேன். அவரும் என்னை விட்டுவைக்கவில்லை. இன்றுவரை இந்த ஊரில் எனக்கு அவர்தான் நெருங்கிய தோழி. பொங்கலுக்கு வீட்டுக்கு வருவார்.

முடிவில் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும், தேர்வுக்குழு முன்னால் ஒரு வகுப்பும் நடத்திக் காட்ட வேண்டும். பாடத்தில் பதஞ்சலியின் யோக சூத்திரமும் ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலும் இருந்தன. நான் கட்டுரைக்குத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை எடுத்துக்கொண்டேன். இயமம் தொடங்கிச் சமாதி வரை எட்டு அங்கத்தையும் தமிழில் ஒருவர் பாடியிருக்கிறார் என்பது அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிராணாயாமப் பாடல்களை நானே ஜெர்மனில் பெயர்த்து, ஓசைக்காகத் தமிழிலும் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார்கள்.

காப்பீட்டு வகுப்பு மதச் சார்போ கொள்கைச் சார்போ இல்லாமல் இருக்க வேண்டும், ஆகவே என் வகுப்பில் மந்திரம் கிடையாது. இதில் எனக்கு வருத்தமில்லை. அறுவை முடிந்து வந்தவரும், தேவாலயத்துக்குப் போகிறவரும், எதையும் நம்பாதவரும் ஒரே கூடத்தில் மூச்சை கவனித்துக்கொண்டு படுத்திருக்க முடிகிறது. கடைசியில் சவாசனத்துக்கு ஆளாளுக்கு வீட்டிலிருந்து கம்பளியும் தடித்த காலுறையும் கொண்டு வருவார்கள். நவம்பரில் தரை அவ்வளவு சில்லென்று இருக்கும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கியதும் வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். செலவைக் கழிக்காத வருட வரவு குறைவாக இருந்தால் விற்பனை வரி வசூலிக்காமல் இருக்கலாம். 2025 முதல் அந்த வரம்பு 25,000 யூரோ. பலர் கோட்டைவிடுவது ஓய்வூதியக் காப்பீட்டில். சொந்தமாகத் தொழில் செய்யும் ஆசிரியர்கள், யோகா ஆசிரியர் உட்பட, சிறு வருமான வரம்பைத் தாண்டினால் கட்டாயம் அதில் சேர வேண்டும். தொடங்கி மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஊழியர் என்றால் பாதியை முதலாளி கட்டுவார், இங்கே 18.6 விழுக்காடும் நம் தலையில். கணவரின் காப்பீட்டில் இலவசமாக இருப்பவர்களுக்கும் ஒரு மாத வருமான வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் தனிக் காப்பீடு. மூன்று நான்கு வகுப்பு மட்டும் எடுத்து ஒரு குடும்பம் நடத்த முடியாது. ஆனால் உங்கள் பெயரில் ஒரு வருமானம், வாராவாரம் உங்களுக்காகக் காத்திருக்கும் மனிதர்கள், இரண்டும் நிச்சயம் கிடைக்கும்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் பி1-க்கு அடுத்த நிலையான பி2 வரை மொழியைப் பிடியுங்கள். கூடவே நகராட்சியின் மாலைப்பள்ளியில் ஒரு யோகா வகுப்பில் மாணவியாகச் சேருங்கள். கட்டணம் குறைவு, ஜெர்மனில் ஆசனம் காதில் விழும். பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் ஓர் அறிமுக நாள் வைக்கும். அதற்குப் போய், அவர்கள் தரும் சான்றிதழைப் பரிசீலனை மையம் ஏற்கிறதா, பயிற்சியில் எத்தனை மணி நேரம் நேரடி வகுப்பு, வகுப்பு நடத்திப் பார்க்க எத்தனை வாய்ப்பு என்று கேளுங்கள். இணையவழியில் மட்டும் நடக்கும் பயிற்சிக்கு இந்த பதில்கள் எழுத்தில் வரும் வரை பணம் கட்டாதீர்கள். எர்லாங்கனிலோ நூரன்பெர்க்கிலோ இருந்தால் என் வகுப்பில் ஒரு மாலை வந்து ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். குறிப்பெடுக்க ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள்.