பாட்டு கேட்கும் போன்: சொன்னவையும் நடந்தவையும்

ஒரே கருவி இரண்டு வேலை பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் முடியும் என்ற கருத்து, கைப்பேசியில் பாட்டு கேட்கும் வசதி வந்த காலத்தில் மிகவும் உறுதியாகச் சொல்லப்பட்டது. பேசுவதற்குப் போன், பாட்டுக்குத் தனியாக ஒரு கருவி, அதுதான் முறை என்று விவரம் தெரிந்தவர்களே எழுதினார்கள். ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்ற தன் பாட்டுக் கருவியையும் போனையும் ஒன்றாக்கப் போகிறது என்ற வதந்தி நெடுநாள் உலவி, கடைசியில் 2005 செப்டம்பர் 7 அன்று மோட்டோரோலாவின் ராக்கர் இ1 என்ற வடிவில் வெளிவந்தபோது, அந்தக் கருத்துக்குப் பெரிய ஆதாரமே கிடைத்துவிட்டது. மெமரி கார்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் 100 பாட்டுகளுக்கு மேல் அந்தப் போன் ஏற்காது. கணினியில் இருந்து பாட்டு ஏறுவதும் ஆமை வேகம். அதே மேடையில் அதே நாளில் ஐபாட் நானோவும் அறிமுகமானதால், பாட்டுப் போன் என்பது சும்மா ஒப்புக்குச் செய்த பொருள் என்ற எண்ணம் பலருக்கும் படிந்தது.

ஆனால் அதே ஆண்டில் வந்த சோனி எரிக்சன் டபிள்யூ800, வாக்மேன் என்ற பெயரையே தாங்கி, 512 எம்பி கார்டைப் பெட்டியிலேயே வைத்து, போன் பகுதியை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிடும் வசதியோடு விற்பனைக்கு வந்தது. நோக்கியா தன் என்91 போனுக்குள் 4 ஜிபி ஹார்டு டிஸ்க்கையே வைத்தது. 2007 ஜனவரியில் ஐபோனை அறிவித்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் அதை அகலத் திரை ஐபாட் என்றும்தான் சொன்னார். ஆக, இரண்டும் ஒன்றாகாது என்ற வாதம் இரண்டே ஆண்டுகளில் உதிர்ந்துபோனது.

வடசென்னையில், எங்கள் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் அந்த வாதத்துக்கு முதலில் இருந்தே வேலை இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. ஐபாடா, போனா என்று கேட்பதற்கு ஒருவர் கையில் ஐபாட் இருந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்தது கூடத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். அதில் ஓடும் பாட்டை வீடு முழுவதும், பல நேரம் தெரு முழுவதும் கேட்கும். ஒருவர் தனக்கு வேண்டிய பாட்டைத் தன் காதுக்கு மட்டும், தான் நினைத்த நேரத்தில் கேட்க முடிந்தது கைப்பேசி வந்த பிறகுதான். எங்களில் பெரும்பாலோருக்கு அது இரண்டாவது கருவியாக வரவில்லை, முதல் கருவியாகவே வந்தது. அதனால் பாட்டுப் போனைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொன்ன குறைகளும் எங்களிடையே புழங்கிய வதந்திகளும் வெவ்வேறாக இருந்தன.

அந்த வதந்திகள் பிறந்த இடம் பாட்டு ஏற்றும் கடை. எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளில், ரீசார்ஜ் கூப்பன் தொங்கும் சிறிய கடையின் மூலையில் ஒரு கணினி இருக்கும். திரையில் ராஜா, ரகுமான், கானா, மாதா பாட்டு, நாகூர் ஹனிபா என்று வரிசையாகப் போல்டர்கள். விரல் நகம் அளவே உள்ள கார்டைக் கடைக்காரர் வாயால் ஊதி ரீடரில் சொருகுவார். ஒரு ஜிபிக்குச் சுமார் 200 பாட்டு ஏறும். 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி என்பதே கணக்கு. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற அம்மா, "வெள்ளிக்கெழம காத்தால வைக்கிறதுக்கு அம்மன் பாட்ட மட்டும் தனியா போட்டுக் குடுப்பா" என்றார். "குடுக்கறம்மா, எத்தினி ஜிபி கார்டு இது?" என்று கேட்டார் கடைக்காரர். "அது இன்னாவோ, என் புள்ள குடுத்தான், பாத்து ஏத்து" என்று கார்டை மடித்த காகிதத்தில் இருந்து எடுத்து நீட்டினார். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை உரிமை பெறாத நகல்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் அதில் ஒரு காசு போகவில்லை என்பது உண்மையான குறை. ஆனாலும் அந்த அம்மாவைப் போன்றவர்களிடம் பாட்டைக் கொண்டு சேர்த்தது அந்தக் கடைதான்.

அங்கே அடிக்கடி கேட்ட பேச்சு, "கார்டு ஃபுல்லா பாட்டு ஏத்துனா செட்டு போயிடும்" என்பது. பாட்டின் எண்ணிக்கையால் போன் கெடுவதில்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் போலிக் கார்டுதான் என்று நான் நினைக்கிறேன். உள்ளே 1 ஜிபி நினைவகம் மட்டும் இருக்க, 8 ஜிபி என்று போனிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியிருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகும் கார்டு புதிய பாட்டை வாங்கிக்கொள்வது போலவே காட்டும். ஆனால் அது தொலைந்துபோகும், அல்லது பழைய பாட்டின் மேலேயே எழுதப்படும். பாதியில் நிற்கும் பாட்டையும் உறைந்து நிற்கும் திரையையும் பார்த்தவர்கள், அதிகம் ஏற்றியதுதான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏமாற்றியவர் தப்பித்துக்கொள்ள, பழி பாட்டின் மேல் விழுந்தது.

புளூடூத்தில் பாட்டு வாங்கினால் வைரஸ் வரும் என்ற பேச்சில் பாதி உண்மை இருந்தது. 2004இல் கபீர் என்ற புழு, அதாவது தானாகப் பரவும் கெடுதல் நிரல், சிம்பியன் இயங்குதளம் கொண்ட போன்களில் புளூடூத் வழியாகவே பரவியது. ஆனால் அது பாட்டுக் கோப்பாக வரவில்லை, நிறுவ வேண்டிய மென்பொருளாக வந்தது. போன் அனுமதி கேட்கும்போது நாமே சம்மதம் கொடுத்தால்தான் உள்ளே நுழையும். எம்பி3 பாட்டை வாங்கியவருக்கு அதனால் ஆபத்து இல்லை. இந்த அச்சம் கானாவின் பரவலைக்கூடத் தடுக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ சாவு வீட்டில் இரவு பாடிய பாட்டை யாரோ ஒருவர் போனில் பதிவு செய்ய, அது புளூடூத் வழியாகவே கைமாறிச் சென்றது. கேசட் கம்பெனியின் வாசலை மிதிக்காத குரல்களுக்கு அந்தப் போன்களே மேடையாக இருந்தன.

எல்லாவற்றிலும் பெரிய பதற்றம் 2009இன் இறுதியில் வந்தது. ஊரையே எழுப்பும் ஒலிபெருக்கி வைத்த சைனா செட்டுகள் அப்போது எங்கும் இருந்தன. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ இல்லாத போன்களுக்கு டிசம்பர் 1 முதல் இணைப்பு கிடையாது என்று அரசு அறிவித்ததும், "பாட்டு பாடுற செட்டையெல்லாம் கட் பண்ணப் போறாங்க" என்று செய்தி திரிந்து பரவியது. தடை பாட்டின் மேல் அல்ல, அடையாள எண் இல்லாததன் மேல்தான். நட்சத்திரம், சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் யாரும் தன் போனின் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லாத போன்களுக்கு முறையான எண்ணை ஏற்றித் தரும் ஏற்பாடும் அப்போது இருந்தது. அதை அறியாமல் ஓடிக்கொண்டிருந்த செட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும்.

வதந்தி என்று நான் ஒதுக்காத பேச்சு ஒன்று உண்டு: ஹெட்செட் போட்டால் காது போகும் என்பது. கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், தண்டவாளச் சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒலி கூடக்கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். 90 டெசிபலில் அது வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். உள்காதின் மயிரிழைச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பிள்ளைகளிடம் இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல், கணக்காகவே சொல்ல வேண்டும்.

இப்போதைய கருத்துகளுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு வருத்தம் இங்கேதான் அதிகம். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை முறையாகத் தொடங்கியது. அதே வாரத்தில் ஹெட்செட் துளை இல்லாத ஐபோன் 7 அறிவிக்கப்பட்டது. ஒன்று பாட்டை இணையத்துக்கு மாற்றியது, மற்றொன்று கம்பியைப் பழசாக்கியது. துளை இருந்தால் தண்ணீர் புகும் என்ற விளக்கத்தைப் பலர் இன்றும் திருப்பிச் சொல்கிறார்கள். அதே ஆண்டு வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7, துளையையும் வைத்துக்கொண்டு தண்ணீரையும் தாங்கியது. இணையம் இருக்கும்போது கார்டு எதற்கு என்பவர்கள் காசிமேட்டுக்கு வந்து விசைப்படகில் போகிறவர்களைக் கேட்கட்டும். கரையை விட்டு வெகுதூரம் போன பிறகு டவர் கிடைக்காது. அங்கே பல நாள் தங்கி வலை போடுகிறவருக்குக் கார்டில் இருக்கும் பாட்டுதான் பாட்டு. செயலியில் தரவிறக்கிய பாட்டும், சந்தா முடிந்தாலோ நெடுநாள் இணையத்தைத் தொடாமல் இருந்தாலோ திறக்காது.

கார்டு இடம், கம்பித் துளை, எஃப்எம் வானொலி ஆகிய மூன்றும் ஏழை வீட்டுப் போனைப் பாட்டுப் பெட்டியாக்கியவை. அவை ஒவ்வொன்றாகக் கழற்றப்படுவதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், எஃப்எம் வசதி உள்ள போன்களில் அதை முடக்கி வைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர் நேரத்தில் இணையம் அறுந்தாலும் வானொலி ஒலிக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. புயலும் வெள்ளமும் பார்த்த எங்கள் பகுதிக்கு அதை விளக்கத் தேவையில்லை. புதுப் போன் வாங்கப் போகிறவர்கள் கேமராவைப் பற்றிக் கேட்கும் அதே கடையில், கார்டு போட இடம் உண்டா, ஹெட்செட் சொருகினால் எஃப்எம் எடுக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.